தாய்ச் சிலந்தியிடம் நான்கு தடவை தோற்றுவிட்டோம்: 4ஆம் நிலையில் எந்த ஃபீட்டை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: வெள்ளவத்தை அக்கா

அனைவருக்கும் வணக்கம்.

நானும் என் தம்பியும் திரையை இரண்டாகப் பிரித்து பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ விளையாட்டை விளையாடி வருகிறோம். அவனுடைய உயர்தரப் பரீட்சை முடியும் வரை இதைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு, சென்ற மாதம்தான் டாக்டிஷியன் கடினநிலையில் புதிதாக ஆரம்பித்தோம். எதிரிகளின் உயிர்ப்புள்ளிகள் 30% அதிகம் என்பது தெரிந்தேதான் இறங்கினோம். கோப்லின்களுடனான சண்டைகளை ஓரளவு சமாளித்தோம். ஆனால் பாழடைந்த கிராமத்தின் அடியில் இருக்கும் சிலந்திக் குகையில், அந்தப் பெரிய தாய்ச் சிலந்தியிடம் நான்கு தடவை தோற்றுப்போனோம். மருந்தகத்தின் நிலவறையில் கிடைத்த நூலைத் திறக்கும் கல் அங்கேதான் இருக்கிறது என்பதால் தம்பி விடுவதாக இல்லை.

எங்கள் அணி இதுதான். நான் வில்லேந்திய ரேஞ்சர். தம்பி இருகைக் கோடரி ஏந்திய பார்பேரியன். விளையாட்டின் துணைப் பாத்திரங்களில், என்னுடன் மந்திரத்தால் குணப்படுத்தும் கிளெரிக் ஷாடோஹார்ட்டும் அவனுடன் வாளேந்திய ஃபைட்டர் லேஸெலும் இருக்கிறார்கள். நால்வரும் 4ஆம் நிலை. அந்த நிலைக்குரிய ஃபீட் (சிறப்புத் திறமைத் தெரிவு) வந்தபோது, அவசரத்தில் எல்லோருக்கும் முக்கியத் திறனில் 2 புள்ளிகளைக் கூட்டி விட்டோம். அதற்கு முன் ஒவ்வொருவரின் முக்கியத் திறனும் 17 ஆக இருந்தது. விதர்ஸ் முகாமில் இருக்கிறார், 100 பொற்காசுகள் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரியும். ஆனால் எதை மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. தம்பி தனக்கும் லேஸெலுக்கும் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட் வேண்டும் என்கிறான். ஒவ்வொரு அடியும் 10 புள்ளி கூடுதலாக விழும்போது சிலந்தி எப்படி நிற்கும் என்பது அவன் வாதம். அவன் இப்போதே பாதி அடிகளைத் தவறவிடுகிறான். இதில் தாக்கும் பகடையிலிருந்து இன்னும் 5 புள்ளியைக் கழித்துக்கொண்டு எதை அடிப்பது என்பது என் வாதம்.

தோல்விகள் நான்கும் ஒரே மாதிரித்தான் நடந்தன. முதல் இரண்டு சுற்றுகள் நன்றாகவே போகும். பிறகு முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும். யாராவது ஒருவர் விழுவார். ஷாடோஹார்ட் அவரிடம் ஓடிப்போய், காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்தைப் போடுவாள். எழுந்தவர் அடுத்த கடியில் மறுபடியும் விழுவார். நேற்று இரவு, கடைசி ரயில் கடலோரமாகப் போகும் சத்தம் கேட்டபோது, ஷாடோஹார்ட் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் மந்திரம் எதுவும் மீதமில்லை. இது ஃபீட்டினால் வந்த குறையா, நாங்கள் விளையாடும் விதத்தில் உள்ள குறையா என்பதைத் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: கொட்டாஞ்சேனை வில்லாளி

வணக்கம் சகோதரி. உங்கள் வாதமும் தம்பியின் வாதமும் தனித்தனியே சரிதான். ஆனால் இரண்டும் ஆளாளுக்கு உள்ள பலத்தை மட்டுமே பார்க்கின்றன. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது வேறொன்று: நான்கு சண்டையிலும் ஷாடோஹார்ட் பிளெஸ் மந்திரத்தைப் போட்டதாக ஓரிடத்திலும் இல்லை.

பிளெஸ் 1ஆம் நிலை மந்திரம். மூன்று பேருக்கு, அவர்கள் தாக்குவதற்காக உருட்டும் ஒவ்வொரு பகடையுடனும், தற்காப்புக்காக உருட்டும் ஒவ்வொரு பகடையுடனும், ஒரு நான்குமுகப் பகடையின் எண்ணைக் கூட்டிக் கொடுக்கிறது. சராசரியாக 2.5 புள்ளி. சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பது அந்த எண்தான். கணக்கைப் பாருங்கள்.

காப்புப் புள்ளி 15 உள்ள ஓர் எதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரேயடியாக இரட்டிப்பாகும் அடிகளை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். இருபதுமுகப் பகடையின் எண்ணுடன் தாக்குதல் கூட்டலைச் சேர்த்து அந்தக் காப்புப் புள்ளியை எட்டினால் அடி படும். பலம் 17 உள்ள லேஸெலுக்குத் தாக்குதல் கூட்டல் +5. அவள் 55% தடவை அடிப்பாள். இருகை வாளின் சராசரி அடி 10. ஆகவே ஒரு வீச்சுக்கு எதிர்பார்க்கக்கூடியது 5.5 புள்ளி. கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுத்தால் அடி 20 ஆகிறது, ஆனால் படும் வாய்ப்பு 30%க்கு இறங்குகிறது: 6 புள்ளி. இப்போது நீங்கள் கொடுத்திருப்பதுபோல் பலத்தை 19 ஆக்கினால் 60% வாய்ப்பில் 11: அதாவது 6.6 புள்ளி. ஆக, இப்போதைய நிலையில் நீங்கள் சொன்னதே சரி. தம்பி கேட்ட ஃபீட் லேஸெலின் அடியைக் குறைக்கத்தான் செய்யும்.

இனி பிளெஸ் இருக்கும்போது பாருங்கள். பலம் 19 என்றால் ஏறத்தாழ 8 புள்ளி. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்றால் 8.5. இப்போது தம்பி சொன்னது சரியாகிவிடுகிறது, ஆனால் மிகச் சிறிய வித்தியாசத்தில்தான். அந்த அரைப் புள்ளியும் பிளெஸ் நிலைத்திருக்கும் வரை மட்டுமே. லேஸெல் ஃபைட்டர் என்பதால் 6ஆம் நிலையில் அவளுக்கு இன்னொரு ஃபீட் கிடைக்கும். அதுவரை அவளை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

தம்பியின் பார்பேரியன் விடயம் வேறு. ரெக்லெஸ் அட்டாக் போட்டு அடிக்கும்போது அவனுக்கு இரண்டு பகடைகள் கிடைக்கின்றன, அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஆவேசத்தில் இருக்கும்போது, பலம் 19 உடன் அவனுக்கு 10.5 புள்ளி, பலம் 17 உடன் கிரேட் வெப்பன் மாஸ்டர் இருந்தால் 11. அதோடு, ஓர் எதிரியைக் கொன்றால் போனஸ் முறையில் (வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலில்) இன்னோர் அடி அடிக்கும் உரிமையை அந்த ஃபீட் தருகிறது. குகை நிறையச் சிறு குஞ்சுகள் திரியும் ஒரு சண்டையில் இது சாதாரண விடயம் அல்ல. அவனுக்கு அதைக் கொடுங்கள். ரெக்லெஸ் போட்டால் எதிரிகளுக்கும் அவன் மீது இரண்டு பகடைகள் கிடைக்கும் என்பதை மட்டும் அவன் மறக்கக்கூடாது.

உங்கள் ரேஞ்சருக்கு, அம்புக்கு அதே பேரத்தைத் தரும் ஷார்ப்ஷூட்டர் எடுங்கள், யோசிக்கவே வேண்டியதில்லை. 2ஆம் நிலையில் ஆர்ச்சரி பாணியை எடுத்திருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே 2 புள்ளி கூடுதலாக இருக்கிறது. அதனால் 5ஐக் கழித்த பிறகும் 40% வாய்ப்பு நிற்கிறது. பிளெஸ் இல்லாமலே ஒரு அம்புக்கு 7 புள்ளி, பிளெஸ் இருந்தால் 9க்கு மேல். இப்போது உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருப்பது ஏறத்தாழ 6.

இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஷாடோஹார்ட்டின் கான்சன்ட்ரேஷன். பிளெஸ் போன்ற மந்திரங்களை அவள் மனதில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கலாம். அடி விழும் ஒவ்வொரு தடவையும் பகடை உருட்டி 10ஐ எட்ட வேண்டும் (அடி 20ஐத் தாண்டினால் அதில் பாதியை எட்ட வேண்டும்). கரம் பலகையில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்த காயைப் போடத் தவறினால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும் அல்லவா, அதைப்போல்தான். அவளுடைய உடலுறுதி கூட்டல் +2 என்றால் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 65%. பிளெஸ் கொடுக்கும் மூவரில் அவளையும் ஒருத்தியாகச் சேர்த்தால் 77.5%. இதற்கு இரண்டாவது பகடை தரும் வார் காஸ்டர் ஃபீட்டையும் எடுத்தால் சுமார் 95%. ஆகவே ஞானத்துக்குப் போட்ட 2 புள்ளிகளை எடுத்துவிட்டு அவளுக்கு வார் காஸ்டர் கொடுங்கள். பிளெஸ் அவளுக்கும் உங்களுக்கும் லேஸெலுக்கும். தம்பிக்கு ரெக்லெஸ் இருக்கிறது, அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

கியூர் வூண்ட்ஸை நிறுத்துங்கள். அது ஒரு முழுச் செயலை விழுங்கிக்கொண்டு, தொட்டால் மட்டுமே வேலை செய்து, 7 அல்லது 8 புள்ளியைத்தான் திருப்பித் தருகிறது. காயம் ஆற்றும் இன்னொரு மந்திரமான ஹீலிங் வேர்ட் குறைவாகத்தான் கொடுக்கும். ஆனால் அது போனஸ் முறையில் முடிந்துவிடும், 18 மீட்டர் தூரத்திலிருந்தும் போடலாம். விழுந்தவர் எழுந்திருக்க 1 புள்ளி போதும். செயல் மீதமிருப்பதால் ஷாடோஹார்ட்டும் அந்த முறையில் ஓர் அடி அடிக்கலாம், அல்லது அடிபட்ட இருவர் அருகருகே நின்றால் ஒரு மருந்துக் குப்பியை அவர்கள் நடுவில் எறிந்து இருவரையும் ஆற்றலாம்.


பதில் 2: தெஹிவளை மூத்தவன்

மேலே கொட்டாஞ்சேனைத் தம்பி போட்ட கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் நான் முதலில் சொல்ல விரும்புவது, இப்போதைக்கு அந்தக் குகையை விட்டு வெளியே வாருங்கள் என்பதுதான். 5ஆம் நிலையில் ரேஞ்சர், பார்பேரியன், ஃபைட்டர் மூவருக்குமே ஒரே செயலில் இரண்டாவது அடி கிடைக்கிறது. அணியின் மூன்று வீச்சுகள் ஒரே நாளில் ஆறாகின்றன. 4ஆம் நிலையில் எந்த ஃபீட்டும் இதற்கு ஈடாகாது. சதுப்பு நிலமும் கோப்லின் முகாமும் இன்னும் மீதமிருந்தால் அவற்றை முடித்துவிட்டு வாருங்கள். சிலந்தி எங்கும் போய்விடாது.

நான் 1998இலும் 2000இலும் வந்த முதல் இரண்டு பால்டர்ஸ் கேட் விளையாட்டுகளில் பழகியவன். அங்கே அணியில் ஆறு பேர் வரை இருப்பார்கள், கான்சன்ட்ரேஷன் என்ற விதியே இல்லை. சண்டைக்கு முன் பத்து மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவோம். முன்னால் கவசம் பூண்ட இருவர், பின்னால் மந்திரவாதிகள் என்று வரிசை கட்டுவோம். அந்தப் பழக்கத்தோடு இந்தச் சிலந்திகளிடம் போய் நானும் தோற்றிருக்கிறேன். இவை மறைந்து வேறிடத்தில் தோன்றும் இனம். நீங்கள் கட்டிய முன்வரிசையை அவை மதிப்பதில்லை. நேரே பின்னால் வந்து ஷாடோஹார்ட்டின் பக்கத்தில் நிற்கும். ஆகவே அவளைப் பின்னால் ஒளித்து வைப்பதில் பயன் இல்லை. லேஸெலை அவளுக்கு அருகிலேயே நிறுத்துங்கள், தேடி வருகிற சிலந்தி லேஸெலின் வாளுக்கு எட்டும் தூரத்தில் வந்து தோன்றட்டும்.

நஞ்சைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்பேரியனின் ஆவேசம் வெட்டு, குத்து, மொத்து ஆகிய மூன்றையும் பாதியாக்கும், நஞ்சை அல்ல. 3ஆம் நிலையில் வைல்ட்ஹார்ட் உபபிரிவில் கரடியை எடுத்திருந்தால் மட்டும் நஞ்சும் பாதியாகும். கிளெரிக்குக்கு புரொடெக்ஷன் ஃப்ரம் பாய்சன் என்ற 2ஆம் நிலை மந்திரம் உண்டு. அதைக் கான்சன்ட்ரேஷன் இல்லாமலே போடலாம், அடுத்த நீண்ட ஓய்வு வரை நிற்கும். ஷாடோஹார்ட்டிடம் இந்த நிலையில் 2ஆம் நிலை மந்திரத்துக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. குகைக்கு வெளியிலேயே இரண்டை இதற்குச் செலவிடுங்கள்: ஒன்று அவளுக்கு, ஒன்று தம்பிக்கு.

அடுத்தது நிலம். இந்த விளையாட்டில் உயரமான இடத்திலிருந்து தாக்கினால் 2 புள்ளி கூடும், கீழேயிருந்து மேலே தாக்கினால் 2 குறையும். மேல் விளிம்பில் பதுங்கி நின்று, சண்டை தொடங்குவதற்கு முன்பே முட்டைக் கொத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நிதானமாகப் பாருங்கள். எரியும் முட்டையிலிருந்து குஞ்சு வராது. கையில் உள்ள தீயம்புகளையும் எரியெண்ணெய்க் குப்பிகளையும் சேர்த்து வைத்திருப்பது இன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய்ச் சிலந்தி பள்ளத்தின் மேல் உள்ள வலைப் பாலங்களில் ஏறி நிற்கும் நேரங்கள் உண்டு. அப்போது அதை அடிக்க வேண்டாம், அது நிற்கும் வலையைக் கொளுத்துங்கள். அப்படி விழும்போது அது இழக்கும் உயிர்ப்புள்ளியை உங்கள் நால்வராலும் ஒரு சுற்றில் எடுக்க முடியாது.

யார் முதலில் ஆடுவது என்ற முந்துரிமையையும் கவனியுங்கள். மேசையில் விளையாடும் மூல விதிகளில் அதற்கு இருபதுமுகப் பகடை. இங்கே நான்குமுகப் பகடைதான். எனவே சுறுசுறுப்பு அதிகம் உள்ளவர் கிட்டத்தட்ட எப்போதும் முதலில் வருவார், ஷாடோஹார்ட் பெரும்பாலும் கடைசியில் வருவாள். அவள் முறை வந்த பின் பிளெஸ் போடுவது என்றால் முதல் சுற்றின் அடிகள் வீண். பிளெஸ் பத்து முறைகளுக்கு நீடிக்கும். நீங்கள் ஒளிந்திருக்கும்போதே முறைவழி ஆட்டத்துக்கு மாறி, அதைப் போட்டுவிட்டு, முதல் அம்பை விடுங்கள்.


பதில் 3: பம்பலப்பிட்டி வாசகி

மற்றவர்கள் சொல்லிவிட்டதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: திறன் பகடைகளுக்கு உதவும் கைடன்ஸ் மந்திரத்துக்கும் கான்சன்ட்ரேஷன் வேண்டும். கல் கிடைத்தவுடன் நூலைத் திறக்கிறேன், வழியில் ஒரு பெட்டியின் பூட்டைத் திறக்கிறேன் என்று ஷாடோஹார்ட்டைக் கைடன்ஸ் போடச் சொன்னால் பிளெஸ் சத்தமில்லாமல் அறுந்துவிடும். நானும் என் தோழியும் இதை அறியாமல் பல மணித்தியாலங்கள் விளையாடியிருக்கிறோம். உருவப்படத்தின் அருகிலுள்ள அடையாளத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் அணியில் பூட்டுத் திறக்கும் ரோக் இல்லை. ஆகவே விதர்ஸிடம் போகும்போது ரேஞ்சரின் இயற்கை அறிவுத் தெரிவையும் பாருங்கள். அதில் நஞ்சைத் தாங்கும் தெரிவு ஒன்று இருக்கிறது, இந்தக் குகையை நினைத்து அதை எடுக்க ஆசை வரும். எடுக்க வேண்டாம். நஞ்சுக்கு மந்திரம் இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டார்கள். நகரத்தைத் தேடும் தெரிவான அர்பன் டிராக்கர், பூட்டுத் திறப்பதற்கும் கண்ணிகளைச் செயலிழக்கச் செய்வதற்கும் வேண்டிய கைவேகத் திறனைத் தரும். அது 12ஆம் நிலை வரை ஒவ்வொரு நாளும் பயன்படும். பின்னணியை விதர்ஸால் மாற்ற முடியாது என்பதால் அந்தத் திறனைப் பெற உங்களுக்கு இதுவே எளிய வழி.


மறுமொழி: வெள்ளவத்தை அக்கா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 5ஆம் நிலை வரை காத்திருக்கும்படி தெஹிவளை ஐயா சொன்னதை வாசித்துக் காட்டினேன். தம்பி கேட்கவில்லை, 4ஆம் நிலையிலேயே இன்னொரு தடவை பார்ப்போம் என்று நின்றான். மூன்று பேரை மாற்ற 300 பொற்காசுகள் போயின. லேஸெலைத் தொடவில்லை.

மேல் விளிம்பில் நின்று, இரண்டு பேருக்கு நஞ்சுக் காப்பும் மூன்று பேருக்கு பிளெஸும் போட்டோம். முதல் சுற்றில் யாரையும் தாக்காமல் முட்டைகளை மட்டுமே எரித்தோம். அப்படி ஒரு முழுச் சுற்றை அடிக்காமல் விடுவது தம்பிக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது சுற்றிலேயே தாய்ச் சிலந்தி ஷாடோஹார்ட்டின் அருகில் தோன்றிக் கடித்தது. திரையின் என் பாதியில் பகடை உருண்டு 6 விழுந்தது. இருவரும் மூச்சுவிடவில்லை. வார் காஸ்டர் தந்த இரண்டாவது பகடை 9, அதனுடன் 2, பிளெஸ் தந்த 3: மொத்தம் 14. பிளெஸ் அறுபடவில்லை. வார் காஸ்டரும் அவளுக்கு பிளெஸும் இல்லாமல் ஒரே பகடையுடன் உருட்டியிருந்தால் 6உம் 2உம் சேர்ந்து 8 மட்டும்தான், அந்த இடத்திலேயே எல்லாம் போயிருக்கும். பக்கத்தில் நின்ற லேஸெல் அதன் பின் தவறவிடாமல் அடித்தாள். எரியாமல் தப்பிய இரண்டு குஞ்சுகளில் ஒன்றைத் தம்பி வெட்டிவிட்டு, கிடைத்த போனஸ் அடியைத் தாயின் மேல் இறக்கினான். நான் ஒருத்திதான் விழுந்தேன், ஹீலிங் வேர்ட் ஒன்றில் எழுந்துவிட்டேன். வலைப் பாலத்தில் அது ஏறவே இல்லை, அந்த அம்புகள் இன்னும் கையில் இருக்கின்றன.

ஒரு சிறு கேள்வி மட்டும். 5ஆம் நிலையில் ஷாடோஹார்ட்டுக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ் வருகிறது. அதற்கும் கான்சன்ட்ரேஷன் வேண்டும் என்கிறது. அப்படியென்றால் பிளெஸை விட்டுவிட வேண்டுமா?


பதில் 4: கொட்டாஞ்சேனை வில்லாளி

வாழ்த்துகள் சகோதரி, தம்பிக்கும் சொல்லுங்கள். எதிரிகள் பலராக நெருங்கி வரும் சண்டையில் ஸ்பிரிட் கார்டியன்ஸைப் போட்டு ஷாடோஹார்ட்டை நடுவில் நடக்க விடுங்கள். அவளைச் சுற்றி 3 மீட்டருக்குள் வருகிற ஒவ்வொன்றும் மூன்று எட்டுமுகப் பகடை அளவு அடி வாங்கும், தற்காப்பில் தப்பினாலும் பாதி விழும். ஒரே பெரிய எதிரி என்றால் பிளெஸ்தான். உங்களுக்கும் லேஸெலுக்கும் இரண்டிரண்டு அடிகளாகிவிட்ட பின் ஒவ்வோர் அடியுடனும் அந்த நான்குமுகப் பகடை சேரும். கவசத்தையும் இப்போதே மாற்றுங்கள்: இனி அவள் எதிரிகளின் நடுவில்தான் நிற்கப் போகிறாள், நல்ல கேடயமும் காப்புப் புள்ளி அதிகமுள்ள கவசமும் லேஸெலுக்கு முன் அவளுக்குப் போகட்டும்.